தர்ஷினிக்குச் சுழியம் போட்ட மகனுக்கு

தம்பி,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். பிரிக்பீல்ட்சில் வாடகை வீடு, கீழே இறங்கினால் தோசைக் கடை, கூப்பிடு தூரத்தில் ரயில், தை மாதத்தில் கல்யாணம். நலமில்லாமல் இருப்பது வேறொரு பெண். அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதை வாட்சாப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நழுவிவிடுவாய். போனில் சொன்னால் "காலையில கிளாஸ் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய். நேற்று அப்படித்தான் வைத்தாய். அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். நாளை அப்பா லோரியில் சாமான் இறக்க உன் பக்கம் வருகிறார். உறையை ஒட்டி அவரிடம் கொடுத்துவிடுகிறேன். உள்ளே இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியாது. ஏதோ கல்யாண விஷயம் என்று நினைத்துக்கொள்வார், நினைக்கட்டும்.

நேற்று மதியம் கமலா வந்திருந்தாள். உனக்கு நினைவிருக்கும், கிள்ளானில் பல் கிளினிக்கில் என்னோடு உதவியாளராக இருந்தவள். நான் பல்லைத் தொடும்போது பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்வாள். என் ஊசியைவிட அவள் பிடிக்குத்தான் பிள்ளைகள் அதிகம் பயப்படுவார்கள். இப்போது செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். கூடவே மகள் தர்ஷினி, உன்னிடம் முதல் வருடம் கணிதம் படிப்பவள். ஒரு டப்பா நிறைய அதிரசம் கொண்டுவந்திருந்தார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றாள் கமலா. செந்தூலிலிருந்து கிள்ளானுக்கு ரயில் மாறி ரயில் ஏறி யாரும் சும்மா வருவதில்லை. தேநீர் பாதி இறங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. "அக்கா, நீங்க சொல்லித்தான் இவள அந்தக் காலேஜ்ல கணக்குக்குச் சேத்தோம். இப்ப கோர்ஸ் மாத்தப் போறா. உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாம மாத்துனா நல்லா இருக்காதில்ல, அதான் வந்தோம்."

ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். கமலா மகளைப் பார்த்தாள். மகள் கோப்பையைப் பார்த்தாள். "எனக்கு மூள பத்தல ஆன்டி. சாரே சொல்லிட்டாரு. பியூர் மேத்ஸ் எனக்கு ஒத்து வராதாம். அக்கவுண்டிங் போகச் சொன்னாரு. வெள்ளிக்கிழமதான் மாத்துறதுக்குக் கடைசி நாளு." எந்த சார் என்று கேட்டேன் பார், என் புத்தியை என்னவென்று சொல்ல. கமலா அதிரச டப்பாவை என் பக்கம் நகர்த்தி, "சாப்பிடுங்கக்கா" என்றாள். அப்போதுதான் உறைத்தது, அந்த சார் நான் பெற்ற சார் என்று. உன்னைக் குறை சொல்லக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை. நீ லெக்சரர், நீ சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, எனக்கு மரியாதை சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார்கள்.

அவள் டெஸ்ட் தாளைக் காட்டச் சொன்னேன். காட்டத் தயங்கினாள், பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். நிறையப் புள்ளிகள் உள்ள பெரிய கேள்வி, அதில் சுழியம். பக்கத்தில் சிவப்பு மையில், ஆங்கிலத்தில், நோட்சில் உள்ளபடி எழுதவும் என்று ஒரு வரி. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? முதல் வகுப்பில் உன் கையைப் பிடித்து எழுத வைத்தவளே நான்தானே. இதில் நீ என்ன எழுதினாய், எனக்குப் புரியும்படி சொல் என்றேன். அவள் மேசையில் இருந்த தேநீர்க் கோப்பைகளை ஒன்றுகூட்டினாள். நான் பல் பார்ப்பவள், கணக்கில் கூட்டல் கழித்தலைத் தாண்டாதவள். எனக்கே புரிந்தது தம்பி. அவ்வளவு தெளிவாகச் சொன்னாள்.

உன் ஸ்லைடில் இருப்பது இதுதானாமே. ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் யார் யாருக்குச் சொந்தம் என்பதற்கு இரண்டு விதி. நான் உனக்குச் சொந்தம் என்றால் நீயும் எனக்குச் சொந்தம், இது முதல் விதி. நான் உனக்குச் சொந்தம், நீ இன்னொருவருக்குச் சொந்தம் என்றால் நான் அந்த இன்னொருவருக்கும் சொந்தம், இது இரண்டாவது. இந்த இரண்டும் இருந்தால் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தனக்குத்தானே சொந்தம் என்பது தெளிவு என்று ஸ்லைடு சொல்கிறது. ஏனென்றால் நான் உன்னிடம் போகலாம், நீ என்னிடம் திரும்பி வரலாம், ஆக நான் என்னிடமே வந்து சேர்ந்துவிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தர்ஷினி கோப்பைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துவிட்டு, சீனி போத்தலை மட்டும் மேசையின் ஓரத்தில் தனியாக நிறுத்தினாள். "இவருக்கு யாருமே சொந்தம் இல்லன்னு வச்சிக்குங்க ஆன்டி. இவரு எங்க போயி எங்க திரும்பி வருவாரு? போறதுக்கே ஒருத்தர் வேணுமில்ல? ரெண்டு விதியையும் இவரு மீறவே இல்ல. ஆனா தனக்குத்தானே சொந்தம்னு எப்படிச் சொல்றது? கிளாஸ்ல சார்கிட்ட இதத்தான் கேட்டேன். நேரம் இல்ல, ஸ்லைடுல இருக்கிறத எழுதுன்னாரு. டெஸ்டுல எனக்கு அப்படி எழுத கை வரல. நான் நெனச்சத எழுதிட்டேன். மத்தவங்க எல்லாருக்கும் முழுப் புள்ளி. நான்தான்லா தப்பு."

அவளிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்காக வக்காலத்து வாங்கினேன். பெரிய கணக்கில் நமக்குத் தெரியாத நுட்பம் ஏதாவது இருக்கும்மா, என் மகன் காரணமில்லாமல் சுழியம் போடுகிற ஆள் இல்லை என்றேன். அந்தப் பிள்ளையும் தலையை ஆட்டிக்கொண்டாள். அவர்களை ரயில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, உன்னைக் கூப்பிட்டேன். அந்த நுட்பம் என்னவென்று கேட்கத்தான் கூப்பிட்டேன், சண்டை போட அல்ல. தொலைக்காட்சிச் சத்தத்தை நீ குறைப்பது கேட்டது. பிறகு சொன்னாய், "அவ எழுதுனது சரிதாம்மா."

"அப்ப எதுக்குடா சுழியம்?"

"ஸ்கீமால அந்தப் பதில் இல்லம்மா."

ஸ்கீமா! இந்த நாட்டில் பிள்ளை பெற்ற எந்தத் தாய்க்கும் அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. விடைத்தாள் திருத்துகிறவர் கையில் வைத்துக்கொள்ளும் விடைத் திட்டம். அதில் உள்ளதை அப்படியே எழுதினால் புள்ளி, அதைவிட நன்றாக எழுதினாலும் புள்ளி இல்லை. நீ பள்ளிக் கடைசிப் பரீட்சை, எஸ்.பி.எம். எழுதிய வருடம் நம் வீட்டில் அந்தச் சொல்லைத் தவிர வேறு பேச்சு இல்லை. டியூஷனில் கூடுதல் கணிதத்துக்கு ஸ்கீமாவை மனப்பாடம் செய்தாய், கோயிலில் பேனாவுக்குப் பூசை போட்டோம், எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கினாய். அதன் பிறகு நடந்ததுதான் உனக்கு மறந்துபோய்விட்டது. எனக்கு மறக்கவில்லை.

கணிதம்தான் படிப்பேன் என்று நீ நின்றபோது உன் பெரியப்பா ஒரு கல்யாண மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் கேட்டாரே, "சும்மா கணக்குப் படிச்சிட்டு என்ன செய்யப் போறான்? டியூஷன் சென்டர்ல உக்காரப் போறானா?" என்று. அப்பா சாப்பாட்டு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் எழுந்து பதில் சொன்னேன். அதற்கு இன்று வரை அந்த வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர். பல்கலைக்கழகத்தில் முதல் பருவம் முடிந்து நீ வீட்டுக்கு வந்த கோலம் இருக்கிறதே! முதல் டெஸ்டில் பாதிப் புள்ளிகூட இல்லை. ஒரு கேள்விக்கும் சூத்திரம் இல்லை, எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாய். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டால் எங்களுக்குக் கேட்காது என்று நினைத்தாய். வெளியே வந்து, "எனக்கு மூள பத்தலம்மா" என்றாய். நேற்று அந்தப் பிள்ளை என் வீட்டு மேசையில் சொன்னாளே, அதே மூன்று வார்த்தை.

உன்னைத் திரும்பவும் வகுப்புக்குப் போக வைத்தது நானில்லை, எனக்கு அதற்குச் சாமர்த்தியம் போதாது. உங்கள் லெக்சரர், அந்தச் சீன அம்மா, ஒரு நாள் பலகை முழுக்க எழுதிக்கொண்டே போய் நடுவில் நின்றுவிட்டாராம். தான் எழுதியதையே உற்றுப் பார்த்துவிட்டு, இது தப்பு, எங்கே தவறினேன் என்று உங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டாராம். யாருக்கும் தெரியவில்லை. மறுவகுப்பில் வந்து, போன முறை சொன்னது செல்லாது, அழித்துவிடுங்கள் என்று சொல்லி முதலிலிருந்து ஆரம்பித்தாராம். அன்று ரயிலிலிருந்தே என்னைக் கூப்பிட்டாய். "அம்மா, லெக்சரரே தப்புன்னு ஒத்துக்கிட்டாங்கம்மா! இங்க ஸ்கீமாவே இல்ல. சரின்னா சரி, தப்புன்னா தப்பு, யாரு சொன்னாலும் அவ்ளோதான்." மூச்சு வாங்கப் பேசினாய். அதற்கு முன்னும் பின்னும் நீ அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை, நிச்சயதார்த்தத்தன்றுகூட இல்லை. இதை மீராவிடம் சொல்லிவிடாதே.

அந்தப் பையன் எங்கேடா போனான்? நேற்று நீ சொன்ன காரணங்களை ராத்திரி முழுக்கத் தூங்காமல் அடுக்கிப் பார்த்தேன். ஸ்லைடு நீ போட்டதில்லை, துறைத் தலைவர் போட்டது. நீ வாங்கி அப்படியே நடத்தினாய். அது முதல் வருடப் பிள்ளைகள் எல்லாரும் விழுகிற பழைய குழி என்று உனக்குத் தெரியுமாம், ஆனாலும் அவசரத்தில் கவனிக்கவில்லையாம். சரி, போகட்டும், அதற்கு நான் கோபப்படவில்லை. மனிதன் தவறுவான், அந்தச் சீன அம்மாவும் தவறினார். ஆனால் தர்ஷினி கையைத் தூக்கிக் கேட்ட அந்த நிமிடமே உனக்குத் தெரிந்துவிட்டது. அவள் சரி, நீ தப்பு. தெரிந்தும் நேரமில்லை என்று சொல்லி வாயை அடைத்தாய். தெரிந்தே சிவப்பு மையில் சுழியம் போட்டாய். அதோடு விட்டாயா? உன்னைத் தேடி அறைக்கு வந்த பிள்ளையிடம் இந்தப் படிப்பு உனக்கு ஒத்து வராது என்றாய். அவள் அக்கவுண்டிங்குக்குப் போய்விட்டால் உன் வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்காது. அதற்குத்தானே? நான் உன் தாய், என்னிடம் வேறு கதை சொல்லாதே.

தலைவர் போட்ட ஸ்லைடைத் தப்பென்று சொன்னால் அவர் முகம் கோணும், வருடக் கடைசியில் உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்றாய். பைனல் பரீட்சைத் தாளிலும் அதே கேள்வியை ஏற்கெனவே சேர்த்துவிட்டார்கள் என்றாய். மனப்பாடம் செய்து முழுப் புள்ளி வாங்கிய பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள் என்றாய். கடைசியில், "தை மாசம் கல்யாணம்மா, இப்பப் போயி பிரச்சன பண்ண முடியாது" என்றாய். கல்யாணத்தை இதில் இழுத்தாய் பார், அப்போதுதான் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அந்தப் பெண் மீரா உன்னிடம் என்ன கேட்டாள்? ஒரு நேர்மையான ஆளைக் கேட்டாள். அவள் தலையில் இந்தப் பழியை ஏன் போடுகிறாய்? இருபத்தைந்து வருடம் பள்ளிப் பிள்ளைகளின் வாய்க்குள் பார்த்தவள் நான். அட்டையில் இடது பல் என்று எழுதியிருக்கும், பிள்ளை வலது பக்கம் வலிக்கிறது என்று அழும். அட்டையில் இருக்கிறதே என்று வலிக்காத பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுப்போமா? வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்போம். டாக்டர் எழுதிய அட்டையாக இருந்தாலும் போய், டாக்டர், இது இடது இல்லை என்று சொல்வோம். சொன்னால் அவர் முறைப்பார். முறைத்துவிட்டுப் போகட்டும், பிள்ளைக்குப் பல் முக்கியம்.

உன் பயம் பொய் என்று சொல்லவில்லை. வருடா வருடம் கையெழுத்துப் போட்டுப் பிழைக்கிற வேலை எவ்வளவு சூசா, எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா லோரி ஓட்டத் தொடங்கியபோது ஒவ்வொரு மாதமும் அந்தப் பயம் இருந்தது. வேலை போனால் போகும், அதை ஒன்றுமில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. மண்டபத்தைச் சின்னதாக்குவோம், சாப்பாட்டைக் குறைப்போம், உன் பெரியப்பா நான் அப்பவே சொன்னேன் என்பார், காதை மூடிக்கொள்வோம். எல்லாம் செய்யலாம். ஆனால் சரி என்று தெரிந்ததைத் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு நீ இந்தப் படிப்புப் படித்திருக்க வேண்டாம். ஊரில் எத்தனையோ வேலை இருக்கிறது. நீ படித்தது ஒரே ஒரு விஷயத்தைத்தான், எது நிற்கும் எது நிற்காது என்று பார்ப்பது. அதையும் விட்டுவிட்டு ஸ்கீமாவைப் பார்த்துத் திருத்துவதானால் உன்னை ஏன் அங்கே வைத்திருக்கிறார்கள்?

பெற்றோர் இந்த மாதிரிக் கடிதம் எழுதினால் நடுவில் தங்கள் குறைகளையும் கொஞ்சம் ஒப்புக்கொள்வார்கள், அப்போது பிள்ளைகளுக்கு மனம் இளகும் என்பார்கள். நான் இன்று ஒன்றையும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. என்னிடம் குறை இல்லாமல் இல்லை, அதை உன் மனைவி வந்து கண்டுபிடிக்கட்டும். இன்று ஒப்புக்கொள்ள வேண்டியது நீ.

என்ன செய்ய வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், பிறகு புரியவில்லை என்று சொல்ல இடம் வைக்க மாட்டேன். வியாழக்கிழமை காலையில் உனக்கு அந்த வகுப்பு. ஸ்லைடைப் போடு. இந்த வரி தப்பு, தர்ஷினி கேட்டது சரி, அன்றே எனக்குத் தெரிந்தும் நான் சொல்லவில்லை என்று சொல். கடைசிப் பகுதியை மென்று விழுங்காதே, அதுதான் முக்கியம். ஸ்லைடு தப்பு என்று மட்டும் சொன்னால் நீ பெரிய ஆள் ஆகிவிடுவாய், அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. பிறகு அவள் தாளை வாங்கி உன் கையாலேயே அந்தச் சுழியத்தை அடித்துத் திருத்து. பைனல் கேள்வியை மாற்றச் சொல்லித் தலைவரிடம் போ. எரிச்சல்படுவார். அழுகிற பிள்ளைகளையே நான் சமாளித்திருக்கிறேன், முறைக்கிற பெரியவர் ஒருவரை நீ சமாளிக்க மாட்டாயா?

இந்த நிமிடம் தர்ஷினி சரி என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். தெரிந்துகொள்ள வேண்டியவளுக்குத் தெரியாது. அவள் செந்தூலில் உட்கார்ந்து தனக்கு மூளை இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த நம்பிக்கையோடு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப் போகிறாள். நேற்று ராத்திரி நானே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். பல் கிளினிக் தாதி நான் சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது? தப்பு என்று சொன்ன வாய்தான் சரி என்றும் சொல்ல வேண்டும். அதற்காக மட்டும்தான் காத்திருக்கிறேன், உன் மானத்துக்காக இல்லை.

வியாழக்கிழமை ராத்திரி கமலாவைக் கூப்பிட்டுக் கேட்பேன். நீ சொல்லியிருந்தால் நல்லது, அதைப் பற்றி ஒரு வார்த்தை உன்னிடம் பேச மாட்டேன், பாராட்டவும் மாட்டேன். சொல்லவில்லை என்றால் வெள்ளிக்கிழமை முதல் ரயிலில் செந்தூலுக்குப் போவேன். அந்தப் பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பும் முன் கதவைத் தட்டுவேன். "நீ எழுதுனது சரிம்மா, என் மகனுக்கு அது தெரியும், தெரிஞ்சும் சொல்லல" என்று கமலா பக்கத்தில் நிற்கும்போதே சொல்வேன். உன்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை என் வாயால் இதுவரை வந்ததில்லை தம்பி. வரவழைத்துவிடாதே.

அம்மா